பாக்ஸர் மயங்கி விழுந்தால்

"வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்துச்சு டாக்டர், காலடியிலேயே சுருண்டு விழுந்துடுச்சு. அரை நிமிஷத்துல எழுந்து பழையபடி குதிக்குது." பாக்ஸர் வளர்ப்பவர் இப்படிச் சொன்னதும் கேஸ் ஷீட்டில் 'வலிப்பு' என்று எழுதி, பினோபார்பிட்டோன் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதை நாம் கைவிட்டே ஆக வேண்டும்.

பாக்ஸர் வயது ஏறினாலும் குட்டித்தனம் போகாத இனம். வீட்டு ஆளைக் கண்டால் உடம்பை அரைவட்டமாக வளைத்துக்கொண்டு துள்ளும். அந்த மகிழ்ச்சியே அதற்கு ஆபத்தாகவும் முடியும். வலது கீழறைத் தசை கொழுப்பாக மாறிப்போன இதயத்தில், பரபரப்பில் பெருகும் அட்ரினலின் தாறுமாறான துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. மூளைக்கு ரத்தம் குறைகிறது, நாய் விழுகிறது. 1980-களில் கால்நடை மருத்துவர் ஹார்ப்ஸ்டர் விவரித்த பாக்ஸர் கார்டியோமயோபதி இதுதான். சில நாய்களுக்கு முதல் அறிகுறியே திடீர் மரணம்.

வளர்ப்பவரிடம் விவரமாகக் கேளுங்கள். விழுந்தபோது உடல் துவண்டதா, விறைத்து உதறியதா? எழுந்ததும் ஆளை அடையாளம் கண்டதா, திசை தெரியாமல் சுற்றியதா? சிறுநீர் போனதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மயக்கம், வலிப்பு இரண்டிலும் போகும். விழுந்த காட்சி செல்போனில் பதிவாகியிருந்தால் கட்டாயம் பாருங்கள். ஆறு வயதுக்கு மேல் முதன்முறையாக உண்மையான வலிப்பே வந்தாலும், இந்த இனத்தில் மூளைக்கட்டியை நினைக்காமல் இருக்க முடியாது.

மேசையில் எடுக்கும் ஐந்து நிமிட இசிஜி சரியாக இருந்தால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. எக்கோவும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். 24 மணி நேர ஹோல்ட்டர்தான் உண்மையைச் சொல்லும். ஒரு நாளில் நூறு வி.பி.சி.க்கு (கீழறையில் முந்திக் கிளம்பும் துடிப்பு) மேல் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. சோட்டலால், தேவைப்பட்டால் கூடவே மெக்சிலெட்டின், மயக்கத்தைக் குறைக்கும். திடீர் மரணத்தை அவை தடுக்கும் என்று வளர்ப்பவருக்கு நாம் வாக்குக் கொடுக்க முடியாது. அதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பிரிட்டன் மருத்துவப் பதிவுகளின்படி பாக்ஸர்களின் இடைநிலை ஆயுள் சுமார் பத்தரை ஆண்டு. அதற்கு இதயம் மட்டும் காரணமல்ல. புற்றுநோய்க்கும் பெரும் பங்கு உண்டு. தோலில் எந்தக் கட்டி தென்பட்டாலும் 'கொழுப்புக் கட்டிதான்' என்று விடாமல் ஊசி வைத்து செல் எடுத்துப் பாருங்கள். மாஸ்ட் செல் கட்டி எந்த உருவிலும் வரும். கட்டியை அகற்ற நேர்ந்தால், மயக்க மருந்துக்கு முன் அசிப்ரோமசின் வேண்டாம். பாக்ஸர்களில் சிறு அளவே ரத்த அழுத்தத்தைச் சரித்திருக்கிறது.

2005-இல் முதன்முதலில் முழுமையாக வெளியான நாய் மரபணுத் தொகுதி டாஷா என்ற பெண் பாக்ஸருடையது. 2010-இல் மியூர்ஸ் ஆய்வுக் குழு ஸ்ட்ரையாட்டின் மரபணு மாற்றத்தை பாக்ஸர் கார்டியோமயோபதியோடு தொடர்புபடுத்தியது. ஆனால் மாற்றம் உள்ள எல்லா நாய்க்கும் நோய் வருவதில்லை. இல்லாத நாய்க்கும் வருகிறது. அதனால் மரபணுச் சோதனைச் சான்று ஹோல்ட்டருக்கு மாற்றாகாது. இரண்டு வயதில் இனச்சேர்க்கைக்கு வருகிற நாயிடம் நோய் வெளிப்படுவது பெரும்பாலும் ஆறு வயதை ஒட்டி. அதற்குள் அதன் குட்டிகள் பல வீடுகளுக்குப் போயிருக்கும். ஆகவே இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு பாக்ஸருக்கும் ஆண்டுதோறும் ஹோல்ட்டர் எடுக்கச் சொல்லுங்கள். பெற்றோரில் ஒன்று இளவயதில் திடீரென இறந்திருந்தால், அந்த வழியில் குட்டி எடுக்க வேண்டாம் என்று வளர்ப்பவரிடம் எழுத்திலேயே கொடுங்கள்.