நினைவு வைக்கும் ஏவலனுக்கு வேண்டிய காவல்

கணிப்பொறிகளைப் பேணும் பணியில் நம் கலாசாலையின் பழைய மாணவர் பலர் அமர்ந்திருக்கின்றனர்; இப்போது பயிலும் மாணாக்கரிலும் அப்பணியை நாடி நிற்போர் பலர். அவர்களிடையே வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளியாது கூற விரும்புகின்றோம். லினக்ஸ் இயந்திரத்தில் ஏதேனும் ஒரு காரியம் தடைப்பட்டவுடனே, தடுத்தது யாது, தடுத்த காரணம் யாது என்று ஆராயாமல், எஸ்.இ.லினக்ஸ் என்னும் காவலையே அடியோடு அவிழ்த்துவிடும் வழக்கமே அது. இது தகாதென்பது நம் துணிபு. அத்துணிபை விளக்குதற்குப் பெரிய நிரல்களை விடுத்து, பலர் பெயரும் அறியாத ஒரு சிற்றேவலனை எடுத்துக்கொள்வோம்.

என்.எஸ்.சி.டி. என்பது அதன் பெயர். க்னூ ஸி நூலகத்தோடு சேர்ந்து வருவது. திரைக்குப் பின்னே ஓயாது இயங்கும் இத்தகைய நிரல்களை டீமன் என்பர். பெயரைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. 1963ஆம் ஆண்டளவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இச்சொல்லை வழங்கத் தொடங்கியோர், பௌதிக வகுப்பில் நாம் படிக்கும் மாக்ஸ்வெல்லின் டீமனை எண்ணியே அவ்வாறு பெயரிட்டனர். நிற்க.

ஓர் இயந்திரத்தில் எந்த நிரல் இயங்கினும், இந்த எண்ணுக்குரியவர் யார், அவர் எந்தக் குழுவினர், இந்தப் பெயருடைய இயந்திரத்தின் முகவரி யாது என்று கேட்டுக்கொண்டேயிருக்கும். விடையோ பெரும்பாலும் வேறோர் இயந்திரத்திலுள்ள பதிவேட்டில் இருக்கும். ஒவ்வொரு முறையும் அங்கே சென்று கேட்பின் காலம் வீணாகும். ஆதலின் இவ்வேவலன் ஒருமுறை கேட்டறிந்த விடையை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்போர்க்கு உடனே சொல்லிவிடுகிறது. வழக்கமாக வரும் அமைப்புக் கோப்பின்படி, பயனர் விவரத்தை 600 வினாடியும், குழு விவரத்தை 3600 வினாடியும் மறவாது வைத்திருக்கும். ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற விடையையுங்கூடச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். கடவுச்சொல்லின் மறைகுறிகள் அடங்கிய நிழற்கோப்பை மட்டும் இஃது ஒருபோதும் நினைவில் கொள்வதில்லை. அவ்வளவில் இதனை ஆக்கியோர் எச்சரிக்கையுடையவரே.

இதனிடம் அஞ்சத்தக்கது யாதெனில், யார் யார் என்பதை எல்லா நிரல்களுக்கும் அறிவிப்பது இதுவே. இதன் சொல்லை மறுத்து வினவுவார் இல்லை. ஏவலன் பகைவன் கைப்பட்டு, ஒரு சாதாரணப் பயனரின் எண் பூச்சியம் என்று சொல்லிவிடுமாயின், உள்ளே நுழைவோரைச் சோதிக்கும் நிரலும் அதை நம்பி, அவரை ரூட் என்னும் தலைமை அதிகாரியாகவே ஏற்றுக்கொள்ளும். இது வீண் அச்சமன்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் இதே நிரலில் நான்கு குறைகள் வெளியிடப்பட்டன. நெட்குரூப் விவரங்களை நினைவில் வைக்கும் பகுதியில், கேட்போர் வேண்டுகோள்களால் இடம் நிரம்பியபின் வரும் ஒரு வேண்டுகோள், நினைவகத்தின் எல்லையைத் தாண்டி எழுதச் செய்துவிடும் என்பது அவற்றுள் ஒன்று. அப்பகுதி நூலகத்தின் 2.15ஆம் பதிப்பு முதலே இருந்துவந்தது. அஃதாவது, பத்தாண்டுகளுக்கு மேலாக ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்த குறை.

பழைய யூனிக்ஸ் முறையில் அனுமதி என்பது கோப்பை உடையவர் தம் இஷ்டப்படி அளிப்பது. ரூட்டுக்கோ தடையென்பதே இல்லை. ரூட்டின் அதிகாரத்தோடு தொடங்கும் ஏவலன் கெட்டால், இயந்திரம் முழுதும் கெட்டது. கட்டாய அனுமதி முறை இதற்கு மாறானது. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு நிறுவனத்தார் யூட்டா பல்கலைக்கழகத்தாரோடும் பிறரோடும் சேர்ந்து வகுத்த ஃபிளாஸ்க் என்னும் அமைப்பைத் தழுவி எஸ்.இ.லினக்ஸை ஆக்கி, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் எல்லோருக்கும் வெளியிட்டனர். 2003இல் வந்த 2.6ஆம் கருநிரலில் அது சேர்ந்தது. இம்முறையில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை உண்டு. எந்த முத்திரை எந்த முத்திரையை என்ன செய்யலாம் என்று விதித்தொகுதியில் எழுதியிருந்தாலன்றி, ரூட்டேயாயினும் செய்தல் இயலாது. 2005இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 4 வெளிவந்தபோது, இக்காவலுக்குட்பட்ட நிரல்கள் ஒரு சிலவே. வலைப்பக்கங்களைப் பரிமாறும் நிரலும், பெயர்வழங்கியும், தரவுத்தளங்களும் இடம்பெற்ற அச்சிறு வரிசையில் நம் சிற்றேவலனும் இருந்தது. அவ்வரிசையை வகுத்தோர் இதன் பெருமையை நன்குணர்ந்தவர் என்றே கொள்ளல் வேண்டும்.

விதித்தொகுதி இதற்கு அளிக்க வேண்டுவது மிகச் சிறிதே. பயனர் கோப்பையும் குழுக் கோப்பையும் படித்தல், பதிவேட்டு இயந்திரத்தோடு பேசுதல், தன் சொந்த நினைவுக் கோப்பிலும் குறிப்பேட்டிலும் எழுதுதல் ஆகிய இவை போதும். நிழற்கோப்பைப் படிக்கவோ, பயனர் இல்லங்களில் நுழையவோ, வேறு நிரலொன்றைத் தொடங்கவோ இதற்கு என்ன அவசியம்? 2024இல் வெளிவந்த குறை போன்ற ஒன்றினால் பகைவன் உள்ளே புகுந்தாலும், இக்குறுகிய அறைக்குள்ளேயே அவன் அடைபட்டிருப்பான். விடைகளைத் திரித்துச் சொல்வதை இக்காவலால் தடுக்க முடியாதென்பது மெய்யே. அதனாற்றான் குறை தீர்த்த பதிப்பையும் தாமதமின்றி ஏற்றல் வேண்டும்.

இதனினும் நுட்பமான ஒன்றுண்டு. அதனைப் பலர் அறியார். இவ்வேவலன் காவலுக்கு உட்பட்டிருப்பதோடு தானும் ஒரு வாயிற்காவலனாக நிற்கிறது. தன்னிடம் வந்து கேட்கும் ஒவ்வொரு நிரலின் முத்திரையையும் பார்த்து, பயனர் விவரம் கேட்க இதற்கு உரிமை உண்டா, குழு விவரம், இயந்திர முகவரி கேட்க உரிமை உண்டா என்று தனித்தனியே விதித்தொகுதியை வினவும். நினைவு முழுவதையும் பகிர்ந்து நேரே படித்துக்கொள்ளும் உரிமைக்குத் தனி அனுமதி வைத்திருக்கின்றனர். இது மிகவும் வேண்டுவதே. ஒரு கேள்விக்கு விடை பெறுவது வேறு. மற்றவர் கேட்டவற்றையும், எந்தெந்த இயந்திரங்களைத் தேடினர் என்பதையும் ஒருசேரப் பார்ப்பது வேறு. ‘என்.எஸ்.சி.டி. யூஸ் எஸ்.எச்.எம்.’ என்னும் விசையை அணைத்து வைத்தால், காவலுக்குட்பட்ட நிரல்கள் முழு நினைவையும் படிக்கமாட்டா; ஒவ்வொன்றாகக் கேட்டே பெறும். சிறிது வேகம் குறையும், குறைந்தால் என்ன?

விதிகளை இறுக்கினால் வேலை நின்றுவிடும் என்பார்க்கு ஒன்று சொல்வோம். ஏவலன் விடை தர மறுத்தால், கேட்ட நிரல் தானே நேரே பதிவேட்டை நாடும்படி நூலகம் அமைந்திருக்கிறது. ஆனால் அப்போது அந்நிரலுக்கே வெளியே செல்லும் அனுமதி வேண்டியிருக்கும். ஏவலனும் காவலும் செவ்வனே இருக்குமாயின், வலைப்பக்கம் பரிமாறும் நிரல் பதிவேட்டு இயந்திரத்தோடு பேச வேண்டுவதே இல்லை. ஏவலனைக் கேட்டால் போதும். ஒன்றை நன்றாகக் கட்டி வைப்பதனால் பலவற்றின் அனுமதிகளைக் குறைக்கலாம். இவ்விலாபத்தைக் கணக்கில் சேர்ப்போர் அரியர்.

இனி அவ்வழக்கத்திற்கு வருவோம். தடை நேர்ந்ததும் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ என்று அடித்துவிட்டு, காரியம் நடந்தது கண்டு மகிழ்ந்து, அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். சற்றே கற்றோர் ‘ஆடிட் டு அலௌ’ என்னும் கருவியிடம் குறிப்பேட்டைக் கொடுத்து, அது எழுதித் தரும் விதிகளைப் படியாமலே ஏற்றிவிடுகின்றனர். மறுக்கப்பட்டவை அனைத்தையும் அனுமதிக்கும் விதிகளை எழுதுவதே அக்கருவியின் தொழில்; மறுத்தது நியாயமா என்று அது அறியாது. உண்மையில் தடைக்குக் காரணம் பெரும்பாலும் முத்திரை பிழைபடுவதே. நினைவுக் கோப்பை வேறிடத்திலிருந்து நகர்த்திக் கொணர்ந்தால் பழைய முத்திரையும் உடன்வரும். ‘ரிஸ்டோர்கான்’ என்ற ஒரே கட்டளை அதைச் சீராக்கிவிடும். அதற்கும் தீராது, ஆராய அவகாசம் வேண்டுமாயின், ‘செமானேஜ் பெர்மிஸிவ்’ என்னும் கட்டளையால் இவ்வோர் ஏவலனுக்கு மட்டும் தடையை எச்சரிக்கையாக மாற்றலாம். மற்றவை காவலிலேயே இருக்கும், குறிப்புகளும் சேரும். வீட்டில் ஒரு பூட்டுத் திறவாவிடில் எல்லாக் கதவுகளையும் கழற்றி எறிவாருண்டோ?

உபுண்டு முதலியவற்றைக் கையாள்வோர் ஆப்ஆர்மர் என்னும் வேறு முறையைக் காண்பர். அது முத்திரையை விடுத்துக் கோப்பின் பாதையை நோக்குவது, எளிது. இவ்வேவலனுக்கு அதிலும் எழுதிய விதிகள் உண்டு. எளிமை கருதி அதை மேற்கொள்வாரை நாம் குறை கூறோம்.

இப்போது பல இடங்களில் எஸ்.எஸ்.எஸ்.டி. என்னும் நிரலே இப்பணியைச் செய்துவருகின்றது. அங்கெல்லாம் பழைய ஏவலனை நிறுத்திவிடுதலே நன்று. நெட்குரூப் வேண்டாதார் அப்பகுதியை அமைப்புக் கோப்பில் ‘நோ’ என்றெழுதி அணைத்துவிடலாம். இதனை இன்னும் வைத்திருப்போர், வெளிப் பதிவேட்டிலே ஒருவரைக் குழுவினின்று நீக்கினால், பழைய நினைவு ஒரு மணி நேரம் நிற்கக்கூடும் என்பதை எண்ணி, அப்பொழுதே அக்குழு நினைவை அழிக்கும் கட்டளையை இடுதல் வேண்டும். அக்கட்டளைக்கும் விதித்தொகுதியில் ‘அட்மின்’ என்னும் தனி அனுமதி உண்டு. அதனை இயந்திரம் பேணுவோரின் முத்திரைக்கு அன்றி வேறெதற்கும் கொடாதிருப்பாராக.