இந்தப் பொங்கலுக்கு நான் விசில் ஊத வரவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் கோபம் வந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேற்று சாயங்காலம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், காணும் பொங்கலுக்கு நம்ம ஊர்ல கபடி. நீங்கதான் மெயின் நடுவர். நோட்டீஸ்ல பேர் போட்டுடறோம்" என்றான். போடாதே, நான் வரவில்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். "அப்புறம் இன்னா சார்?" என்றான். அதைப் போனில் சொல்ல வரவில்லை. இதே கேள்வியைக் கேட்ட என் அக்கா பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

என்னை அவ்வளவாகத் தெரியாத புது மருமகப்பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. நான் இடைநிலை ஆசிரியன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்கு வந்தவன். விளையாட்டு ஆசிரியர் இல்லாத பள்ளியில் யார் இளசோ அவர் கழுத்தில் விசிலை மாட்டிவிடுவார்கள். என் கழுத்தில் அப்படித்தான் விழுந்தது. குறுவட்டப் போட்டிகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போடப் போனவன், விதிப் புத்தகம் படித்து, நடுவர் தேர்வும் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு ஊர்ப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தேன்.

இந்த வருடம் பொங்கலில் தொடங்கி ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழா வரை விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் 11 போட்டிகளுக்குப் போனேன். விக்கிரவாண்டி, மயிலம், ஒலக்கூர், கோலியனூர் என்று நான்கு பக்கமும். ராத்திரி 8 மணிக்கு ஆரம்பித்தால் விடியற்காலை 4 மணிக்குக் கோப்பை கொடுப்பார்கள். ஒரு ராத்திரிக்கு 800 ரூபாய், பெட்ரோல் நம்முடையது. காசுக்காகப் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். சடுகுடு ஆடி வளர்ந்தவன் நான். அந்த மண்ணில் நிற்பது எனக்குப் பிடிக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நடுவரைப் பயமுறுத்துகிற ஊரில் ஆடுகிற பையனுக்குத்தான் கால் உடையும். இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் திண்டிவனம் பக்கத்து ஊர் ஒன்று. ஊர் பெயர் வேண்டாம், படிக்கிறவர்களில் சிலருக்கு அது மாமனார் ஊர். அரையிறுதி. உள்ளூர் அணிப் பையன் ரெய்டு போனான். எதிரணியில் யாரையும் தொடுவதற்கு முன்னாலேயே லாபிக்குள் கால் வைத்துவிட்டான். யாரையாவது தொட்ட பிறகுதான் லாபி ஆட்டக்களத்தோடு சேரும். தொடாமல் உள்ளே போனால் அவுட். நான் விசில் ஊதினேன். மைக்கில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவர், "நடுவர் அவர்கள் தூங்கிவிட்டார் போலிருக்கிறது" என்றார். கூட்டம் சிரித்தது. இரண்டாவது முறை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார்கள்.

அப்போது ஒருவர் என் தோளில் கை போட்டு, "வாத்தியாரே, உங்களுக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" என்றார். எந்தத் தெரு என்று ஏன் கேட்கிறார்கள் என்பது நம் மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். லாபியில் பட்டது அந்தப் பையனின் கால். அதற்கும் நான் குடியிருக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? தீர்ப்பை நான் மாற்றவில்லை. ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால் வண்டியின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. விடியற்காலையில் 3 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். பாதி வழியில் துணைக்கு வந்து தள்ளியது தோற்ற அணிப் பையன்கள் இரண்டு பேர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இதே லாபித் தகராறு உலகமே பார்க்க நடந்திருக்கிறது. 2023 அக்டோபர் 7, சீனாவின் ஹாங்சோ நகரம், ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. பவன் செராவத் ரெய்டு போய், யாரையும் தொடாமல் எல்லைக்கு வெளியே போனார். ஈரான் வீரர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். யாருக்குப் புள்ளி, பழைய விதியா புதிய விதியா என்று வாக்குவாதம். நடுவர்கள் தீர்ப்பை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் அளவுக்கு ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. நடுவர்கள் குழம்பினார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தங்கப் பதக்கமே தொங்கிக்கொண்டிருந்த அந்த இடத்தில் எந்த நடுவரிடமும் நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் ஒரு சுழற்கோப்பைக்கும் ஓர் ஆட்டுக்கிடாவுக்கும் கேட்கிறோம்.

இனிமேல்தான் எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம்.

அடுத்த மாதம் விழுப்புரம் பக்கம் ஒரு ஊர். கால் இறுதி. உள்ளூர் அணியில் கார்னர் பிடிக்கிற பையன் ஒருவன், ரெய்டு வந்தவனின் காலைத் தன் இரண்டு காலாலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிப் போட்டான். விதிப்படி அது தவறு. மஞ்சள் அட்டை காட்டி 2 நிமிடம் வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும். அட்டை என் சட்டைப்பையில்தான் இருந்தது. கை பை வரைக்கும் போனது. கயிறு இல்லாத மைதானம், கோட்டின் மேலேயே கூட்டம் நிற்கிறது, மைக்கில் ஆள் கத்திக்கொண்டிருக்கிறார், போன மாதத்து டயர் வேறு ஞாபகம் வந்தது. "பார்த்து ஆடுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

மூன்று ரெய்டு கழித்து அதே பையன், அதே பிடி. இந்தத் தடவை பிடிபட்டவன் எழுந்திருக்கவில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கிடையாது, முதலுதவிப் பெட்டி கிடையாது. மைக் செட் ஏற்றி வந்த டாடா ஏஸில் படுக்க வைத்து முண்டியம்பாக்கம் கொண்டுபோனார்கள். நானும் பின்னாலேயே போனேன். வயது 20. காவலர் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்த பையன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டிய தேர்வு அது. இன்றைக்கு அவன் மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடிக்கிறான்.

அவன் அப்பா என்னிடம் படித்தவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, கூட்டம் அப்படி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் செய்திருக்க வேண்டியது இருந்தது. பயத்தில் செய்யவில்லை. அதற்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பயத்தை உண்டாக்கிய கூட்டமும் பொறுப்பு. அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் நாலு பேர் இந்தப் பதிவையும் படிப்பீர்கள்.

முழங்காலோடு போயிற்றே என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டிய நிலையில்தான் இருக்கிறோம். 2022 ஜூலையில் நமக்குப் பக்கத்திலேயே, பண்ருட்டி அருகே ஊர்ப் போட்டி ஒன்றில், ரெய்டு போன இளைஞர் பிடிபட்டு எழ முயன்று, களத்திலேயே சரிந்து இறந்தார். அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர்களே உங்களில் எத்தனை பேர்! கபடிப் போட்டிக்கு அனுமதி கேட்டுப் போனவர்களுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வீரர்கள் உடையில் கட்சி, சாதி அடையாளம் கூடாது, மருத்துவ வசதி வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. இந்த 11 போட்டியில் மருத்துவ வசதியை நான் பார்த்தது இரண்டு இடத்தில்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "நடுவர் மட்டும் யோக்கியமா சார்? காசு வாங்கிக்கிட்டு ஊதறவங்க இல்லையா?" இருக்கிறார்கள். சொந்த ஊருக்குச் சாதகமாக ஊதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் பஞ்சாபின் பதிண்டாவில், பல்கலைக்கழகப் பெண்கள் கபடியில் நம் மாநிலப் பிள்ளைகள் தாக்கப்பட்டதையும் மறக்கவில்லை. தவறான ஆட்டம் என்று முறையிட்டதில் தொடங்கிய தகராறு அது. அன்றைக்கு எல்லோரும் கொதித்தோம். முறையிட வந்தவர்கள்மேல் அங்கே கை வைத்தது அநியாயம் என்றால், தீர்ப்புச் சொன்னவர்மேல் இங்கே கை வைப்பது மட்டும் ஊர்ப் பாசமா?

"கூட்டம்னா உணர்ச்சி இருக்கத்தான் சார் செய்யும்" என்பது அடுத்தது. இருக்கட்டும். கத்துங்கள், விசில் அடியுங்கள், பட்டாசு வெடியுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று செய்யுங்கள். பரீட்சையில் மார்க் குறைந்தால் பேப்பரைத் திருத்தின வாத்தியாரின் வண்டியிலா காற்றைப் பிடுங்கினீர்கள்? ஒன்றிரண்டு பேர் பிடுங்கினீர்கள், அது வேறு கதை.

கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய அணிகளில் ஆடினார்கள். எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். நானும் வைத்தேன். அங்கே விதிப்படி விசில் ஊதுவார்கள். காலைப் பின்னினால் வெளியே உட்கார வேண்டும். நம் ஊர்ப் பையன்களை அதற்குப் பழக்காமல், "நம்ம மண்ணு, நம்ம தீர்ப்பு" என்று வளர்த்தால், மாவட்ட அணித் தேர்வுக்குப் போன முதல் நாளே திரும்பி வருவான். அவனைத் தோற்கடிப்பது நாம்தான்.

ஆகவே விழாக் கமிட்டிகளுக்கு என் வேண்டுகோள்.

1. விதிப்படி ஒரு போட்டிக்கு ஒரு நடுவர், இரண்டு துணை நடுவர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் என்று 6 பேர் வேண்டும். நீங்கள் 2 பேரை வைத்து ஓட்டுகிறீர்கள். பரிசுத் தொகையில் ஐயாயிரம் குறைத்தாலும் பரவாயில்லை, 6 பேரைக் கூப்பிடுங்கள். ஆடுகிற எந்த ஊரையும் சேராதவர்களாகக் கூப்பிடுங்கள். என்னை என் ஊருக்குக் கூப்பிடாதீர்கள்.

2. களத்தைச் சுற்றி மூங்கில் நட்டுக் கயிறு கட்டுங்கள். கோட்டிலிருந்து 3 மீட்டருக்குள் வீரர்கள், நடுவர்கள் தவிர யாரும் நிற்கக் கூடாது.

3. மைக்கில் ஸ்கோர் சொல்லுங்கள், வீரர் பெயர் சொல்லுங்கள். தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. கலவரம் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

4. ஆட்சேபணை இருந்தால் கேப்டன் மட்டும் வரட்டும். கமிட்டியே ஒரு செல்போனில் ஆட்டம் முழுவதையும் பிடிக்கட்டும். நடுவர் செய்தது தப்பு என்று அதில் தெரிந்தால் அவரை அடுத்த வருடம் கூப்பிடாதீர்கள்.

5. ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் முதல் விசில் கிடையாது. முதலுதவி தெரிந்த ஒருவர் விடியும் வரை அங்கேயே இருக்க வேண்டும்.

6. நடுவரைத் தொட்டால் அந்த அணி வெளியே. உள்ளூர் அணியாக இருந்தாலும் வெளியே. இதை நோட்டீஸிலேயே அச்சடியுங்கள்.

இந்த ஆறையும் செய்கிற ஊர் எதுவானாலும் கூப்பிடுங்கள். 800 ரூபாய்கூட வேண்டாம். மஞ்சள் அட்டையோடு வருகிறேன், இந்தத் தடவை கை பையோடு நிற்காது. செய்ய முடியாது என்றால் கோலம், உறியடி, கயிறு இழுத்தல் நடத்துங்கள், வந்து பரிசு கொடுக்கிறேன்.

நேற்று போன் செய்த தம்பிக்கு: உன் மேல் கோபம் இல்லையடா. உன் மகனும் இந்த வருடம் ஜூனியர் அணியில் ஆடப் போகிறான் என்று சொன்னாய். அவனுக்காகத்தான் எழுதினேன். கமிட்டி கூடும்போது இதை உரக்கப் படித்துக் காட்டு.

அன்புடன்,
உங்கள் சார்