சூப்பர்பிளாக் அழிந்தால் தரவும் அழிந்ததா?

ஆய்வுக்கூடத்தின் சேமிப்பகம் ஒரு காலையில் எழவில்லையென்றால் துறையில் இரண்டு கூற்றுகளே கேட்கும். ஒன்று, ‘தரவு போய்விட்டது’. மற்றொன்று, ‘அணியைப் புதிதாக உருவாக்கிவிடலாம்’. முதலாவது பெரும்பாலும் பொய். இரண்டாவது அந்தப் பொய்யை மெய்யாக்கும் வழி.

லினக்ஸின் மென்பொருள் ரெய்டு ஒவ்வொரு வட்டிலும் சூப்பர்பிளாக் என்னும் சிறு குறிப்பை எழுதிவைக்கிறது. வட்டு எந்த அணியைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது, துண்டின் அளவு என்ன, தரவு எங்கே தொடங்குகிறது என்பன அதில் உள்ளன. இன்று பரவலான 1.2 வடிவத்தில் அது வட்டின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி அமர்கிறது. பகிர்வு ஏதும் செய்யாமல் முழு வட்டையும் அணியில் சேர்ப்பது ஆய்வுக்கூடங்களின் சோம்பல் வழக்கம். அவ்வட்டின் கடைசியில் பழைய ஜிபிடி அட்டவணையின் நகல் எஞ்சியிருந்தால், சில தாய்ப்பலகைகளின் ஃபர்ம்வேர் ‘முதல் அட்டவணை காணோம்’ என முடிவுசெய்து, கேளாமலே அதை மீட்டெழுதும். அது தொடக்கத்தில் ஏறத்தாழ 17 கிலோபைட்டைப் பிடிக்கிறது. நடுவே இருந்த சூப்பர்பிளாக் அழிகிறது. தரவோ அதற்கு வெகுதொலைவில் கலையாமல் கிடக்கிறது.

நகரியின் விசைத்தறிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நூல் முழுதும் இருந்தும், எந்த இழை எங்கே கோக்கப்பட்டது என்பது தெரியாவிட்டால் தறி ஓடாது. அதற்காக அவர் நூலைக் கொளுத்துவதில்லை.

கணினி அறைகளில் கொளுத்துகிறார்கள். நான்கு வட்டுகளுக்கு 24 வரிசைகள் உண்டு. துண்டின் இயல்பளவு முன்பு 64 கிலோபைட், பின்னர் 512. தரவின் தொடக்கமும் கருவியின் பதிப்புக்கேற்ப மாறியுள்ளது. இவற்றை ஊகித்து ரெய்டு 6 அணியை வரிசை தவறி உருவாக்கினால், சமநிலை மறுகணக்கீடு உண்மைத் தரவின் மீதே எழுதிச் செல்லும். ரெய்டு 5இல், முன்பே அணியிலிருந்து விழுந்த வட்டைச் சேர்த்தால் நல்ல வட்டும் கெடும். முறையான வழி கடினமன்று: எழுதப்படுவன யாவும் வேறொரு கோப்புக்குச் செல்லும் மேலடுக்கை அமைத்து, அசலைத் தொடாமல் ஒவ்வொரு வரிசையாகச் சோதிப்பது. பொறுமை வேண்டும், அவ்வளவே.

ரெய்டைக் ‘காப்புப்பிரதி’ என்று திட்ட அறிக்கையில் எழுதுவோர் தனி இனம். 1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் முன்வைத்த அக்கருத்து வட்டுப் பழுதைத் தாங்குவதற்கானது; தவறான கட்டளையை அது எல்லா வட்டுகளிலும் உண்மையுடன் நிறைவேற்றும். காதங்கியில் வளிமண்டலத்தை அளக்கும் ரேடார் இருக்கிறது. அத்தகைய அளவீட்டில் போன ஆண்டின் வானத்தை மறுமுறை அளக்க இயலாது.

திருமழபாடியில் விமானத்தை இடித்துக் கட்டுமுன், சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டான். இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் ஏறின. ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் ‘எக்ஸாமின்’ கட்டளையின் வெளியீட்டையும் வட்டுகளின் தொடர் எண்களையும் ஒரு தாளில் அச்சிட்டு வைக்கத் துறைகளுக்கு நேரமில்லை. நாக் குழுவுக்காக அலமாரி அலமாரியாகக் கோப்பு சேர்ப்பதற்கு நேரமிருக்கிறது. ‘தரவு அழிந்தது’ என்ற குறிப்பில் கையொப்பமிடும் துறைத்தலைவர், வட்டின் முதல் மெகாபைட்டை எவரேனும் திறந்து பார்த்தார்களா என்று கேட்பதில்லை. இழப்பு ஆய்வு மாணவரின் ஆண்டுகளிலிருந்து கழிக்கப்படுகிறது.