ஏரிக்கரைப் பள்ளியில் சதுரங்கம்



பழவேற்காட்டு ஏரியில் இறால் வரத்துத் தொடங்கிவிட்டால், கரையோரக் குப்பங்களின் பள்ளிகளில் வருகைப் பதிவேடு மெலிந்துவிடும். பெரிய வகுப்புச் சிறுவர் தந்தையரோடு தோணி ஏறிவிடுவர். சிறுமியர் தம்பி தங்கையரைக் காக்க வீட்டில் நின்றுவிடுவர். இப்படி வாரத்தில் மூன்று நாள் வராதிருந்த ஒரு மாணவன், வெள்ளிக்கிழமை மட்டும் தவறுவதில்லை என்று ஆசிரியை ஒருவர் நம்மிடம் கூறினார். காரணம் யாதெனில், வெள்ளியன்று கடைசி வகுப்பில் அங்கே சதுரங்கப் பலகை விரிக்கப்படுகிறது. இச்செய்தியே இம்மாதம் நம்மை எழுதத் தூண்டிற்று.

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்து, பாரசீகர், அரபியர் கைகளின் வழியே ஐரோப்பா சென்ற விளையாட்டு. அங்கே 1561-இல் அதைப் பற்றி நூல் எழுதிய ரூய் லோபஸ் என்பவர் ஸ்பெயின் நாட்டுக் குருவானவர். ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளுள் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நாம் மந்திரி என்னும் காயை ஆங்கிலேயர் ஆயர் என்று அழைப்பர். அக்காய் எப்போதும் கோணலாகவே நகரும். நம் ஆயர் பெருந்தகைகள் பொறுத்தருள்வார்களாக!

தமிழகத்தில் இவ்விளையாட்டு வளர்ந்த கதை, பொறுமையாக விதை ஊன்றியோரின் கதை. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரோன். அவர் முன்னின்று நடத்திய தால் சதுரங்கக் கழகம் 1972-இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கியது. அங்கே வந்து ஆடிய சிறுவர்களுள் ஒருவரே விசுவநாதன் ஆனந்த். 1988-இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-இல், நம் பழவேற்காட்டுக்குத் தெற்கே இதே கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்திற்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் ஒலிம்பியாட் போட்டிக்கு வந்தனர். 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலக வாகை சூடினார். பெண்மக்களைப் பெற்றோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். தொலைக்காட்சி முன்னே நெடுநேரம் அமர்ந்திருந்த மகளைத் திருப்புவதற்காகவே வைஷாலியின் பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்காளைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் கற்றார். இன்று இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள்.

ஆயினும் இப்பெயர்களைக் காட்டி நம் பள்ளிகளில் சதுரங்கம் வேண்டும் என்று கேட்க நமக்கு விருப்பமில்லை. ஆயிரம் பிள்ளைகளில் ஒருவர் வாகை சூடலாம். பள்ளி என்பது மற்றைய 999 பேருக்கும் உரியது. இதை ஆடினால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று சொல்வோரும் உளர். அதையும் நாம் வழிமொழிவதற்கில்லை. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் ஏறத்தாழ பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 30 மணி நேரம் சதுரங்கம் கற்பித்துச் சோதித்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது கணக்கில் வேறுபாடு ஒன்றும் தென்படவில்லை என்று 2016-இல் அறிக்கை வெளியாயிற்று. பொய்யான வாக்குறுதி கொடுத்து நல்ல காரியத்தைத் தொடங்கினால், மதிப்பெண் வராத ஆண்டில் பலகைகள் பரணுக்குப் போய்விடும்.

பின் எதற்காகச் சதுரங்கம்? அந்த வெள்ளி வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது நாம் கண்டதைச் சொல்கிறோம். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. ஒரு சிறுமி அவசரத்தில் ராணியைத் தொட்டுவிட்டாள். தொட்ட பின்னரே ஆபத்தைக் கண்டாள். உதட்டைக் கடித்தவாறு நகர்த்தினாள், ராணியை இழந்தாள், ஆட்டத்தைத் தொடர்ந்தாள். "மிஸ், அவன் பென்சிலைத் தட்டிவிட்டான்" என்று சொல்லவில்லை. சொல்ல இடமும் இல்லை. இங்கே பகடை கிடையாது. காற்றையோ நீரோட்டத்தையோ பழிக்க வழியில்லை. தோற்றவர் எழுந்து எதிராளிக்குக் கைகொடுத்துவிட்டு, எழுதி வைத்த நகர்வுகளைப் பார்த்து எங்கே பிழைத்தோம் என்று தேட வேண்டும். தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்கும் பயிற்சி வேறெந்தப் பாடத்தில் இவ்வளவு வெளிப்படையாகக் கிடைக்கிறது? (குருமாணவராக இருந்த காலத்தில் நாம் தோற்றபோது பலகையையே கவிழ்த்ததுண்டு. அதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.)

ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இம்மனநிலை புதிதன்று. அவர்தம் பாட்டன்மார் மணலில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடியவர்கள். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் அடைப்பது அறிவின் வேலையன்றோ! மேலும் இங்கே பாடு முறை உண்டு. எக்குழு எந்நாளில் ஏரியின் எவ்விடத்தில் வலையிடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வகுத்துக்கொள்வர். தன் முறை வரும்வரை காத்திருத்தலும், பிறர் முறையில் கை நீட்டாதிருத்தலும் இவ்வூராரின் இரத்தத்தில் ஊறியவை.

அம்மாணவனின் தாயாரைச் சந்தித்தோம். பெரியவர் ஒருவர் இதைச் சூதாட்டம் என்று அவரிடம் சொல்லியிருந்தார். பணம் வைப்பதுமில்லை, பகடை உருட்டுவதுமில்லை என்று விளக்கினோம். "சரிங்க சாமி, சோறு போடுமா?" என்று கேட்டார். போடாது என்றே சொன்னோம். பையன் வெள்ளிக்கிழமை வருகிறான், வியாழக்கிழமையும் வரத் தொடங்கியிருக்கிறான் என்பதை மட்டும் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நாம் வேண்டுவது ஒன்றே. வாரத்தில் ஒரு பாடவேளை, அதுவும் பள்ளி நேரத்திற்குள்ளே அமைய வேண்டும். மாலை மணி அடித்த பின் என்றால் சிறுமியர் வர இயலாது. தண்ணீர்க் குடம் காத்திருக்கும். ஆர்மீனிய நாடு 2011 முதல் தொடக்க வகுப்புகளில் இதைக் கட்டாயப் பாடமாகவே வைத்தது. நமக்குக் கட்டாயமும் தேர்வும் வேண்டா. தேர்வு வைத்தால் விளையாட்டு செத்துவிடும். செலவும் பெரிதன்று. காய்கள் போதாதபோது அப்பள்ளிப் பிள்ளைகள் கிளிஞ்சலைச் சிப்பாயாக வைத்து ஆடுகின்றனர்.

சென்ற மாதம் பொன்னேரியில் பள்ளி மாணவர்க்கான போட்டி ஒன்று நடைபெற்றது. அதே நாளில் அம்மாணவனின் தந்தைக்குப் பாடு வந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். தோணியில் ஓர் ஆள் குறைந்தால் வலை இழுப்பதும் கடினம். இரவெல்லாம் அவ்வீட்டில் பேச்சு நடந்ததாம். விடியலில் தாய்மாமன் தம் கூலி வேலையை விட்டுவிட்டுத் தோணியில் ஏறினார். மாணவன் பேருந்தில் ஏறினான். மூன்று ஆட்டங்களில் இரண்டில் தோற்றான். "மாமனுக்கு ஒரு நாள் கூலி போச்சு, சாமி" என்றார் தாயார். உண்மைதான் என்றோம்.

அடுத்த வெள்ளியன்று நாம் பள்ளிக்குச் சென்றபோது, அவன் அந்த இரண்டு ஆட்டங்களையும் எழுதிய தாளைப் பலகையருகே விரித்து வைத்துக் காய்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தான். நாம் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.