உல்சூர் வள்ளுவர் முதல் ஜெய்ப்பூர் மனு வரை: சர்ச்சைக்குரிய சிலைகளை எந்த அளவுகோலால் அளப்பது?

மாரிகுப்பம் (கோலார் தங்கவயல்): பொது இடங்களில் நிற்கும் சர்ச்சைக்குரிய வரலாற்றுச் சிலைகள் அங்கேயே தொடரலாமா, அகற்றப்பட வேண்டுமா என்ற விவாதம் நாட்டின் ஏதேனும் ஒரு நகரில் ஆண்டுதோறும் எழுகிறது. அந்தச் சிலையால் பெரும்பான்மையோரின் உணர்வு புண்படுகிறதா என்ற ஒற்றைக் கேள்வியிலேயே பெரும்பாலும் அது முடிந்தும் விடுகிறது. ஊருக்குள் பெருந்தொகையினராகவும் மாநில அளவில் மொழிச் சிறுபான்மையினராகவும் வாழும் தங்கவயல் தமிழர்களின் இடத்திலிருந்து பார்த்தால், அந்தக் கேள்வி போதாது என்பது மட்டுமல்ல, ஆபத்தானது என்பதும் விளங்கும்.

18 ஆண்டுகள் மூடியிருந்த சிலை

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, மாரிகுப்பம் ரயில் நிலையத்திலிருந்து பெங்களூருவுக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவதே இங்குள்ள பல குடும்பங்களின் பிழைப்பாக மாறியது. அவர்கள் சென்று சேரும் பெங்களூருவில், உல்சூர் ஏரிக்கு அருகே திருவள்ளுவர் சிலை ஒன்று நிற்கிறது. கர்நாடகத் தமிழர்களுக்கு மிகவும் நெருக்கமான சிலைச் சர்ச்சை அதுவே.

பெங்களூரு தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1991 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அச்சிலையைத் திறக்கக் கன்னட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவால் இரு மாநிலங்களுக்கும் இடையே கொந்தளிப்பு நிலவிய ஆண்டு அது. அந்த ஆண்டின் டிசம்பர் மாதத்தில் பெங்களூருவில் தமிழர்களுக்கு எதிரான வன்முறையும் வெடித்தது. இதனால் சிலை திறக்கப்படாமல் மூடிய நிலையிலேயே விடப்பட்டது. 2000 ஆம் ஆண்டு கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன் முன்வைத்த கோரிக்கைகளுள், இச்சிலையைத் திறக்க வேண்டும் என்பதும் ஒன்று. குறள் எழுதியவரின் சிலை, ஒரு கடத்தல் பேரத்தின் பொருளாகும் நிலைக்குச் சென்றது.

இறுதியில் இரு மாநில அரசுகளும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2009 ஆகஸ்ட் 9 அன்று, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில், தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதி பெங்களூருவில் திருவள்ளுவர் சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார்.

இந்த 18 ஆண்டுக் காத்திருப்பு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பெரும்பான்மையோரின் மனக்குறைதான் ஒரே அளவுகோல் என்றால், உல்சூர் சிலையின் மூடுதுணி இன்றும் விலகியிருக்காது. வள்ளுவர் செய்த எந்தச் செயலையும் எவரும் எதிர்க்கவில்லை. அவருடைய மொழியும், அந்த மொழியைப் பேசுவோர் அந்த நகரில் வாழ்வதுமே எதிர்ப்புக்குக் காரணமாயின.

நீல் சிலை ஏன் போனது, மன்றோ சிலை ஏன் நிற்கிறது?

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கு சென்னையில் உண்டு. 1857 கிளர்ச்சியின்போது காசி, அலகாபாத் பகுதிகளில் விசாரணையின்றிப் பலரைத் தூக்கிலிட்டும், கான்பூரில் கைதிகளை இழிவுபடுத்தித் தண்டித்தும் கொடும்பெயர் பெற்றவர் கர்னல் ஜேம்ஸ் நீல். லக்னோவில் அவர் கொல்லப்பட்ட பின், அவரைப் போற்றி மவுண்ட் சாலையில் சிலை எழுப்பப்பட்டது. அதை அகற்றக் கோரி 1927 ஆம் ஆண்டு சத்தியாகிரகம் தொடங்கியது. தொண்டர்கள் சிறை சென்றனர். வன்முறை கூடாது என்ற நிபந்தனையுடன் காந்தியும் அந்தப் போராட்டத்தை ஆதரித்தார். 1937 இல் ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்ற பிறகு, சிலை மவுண்ட் சாலையிலிருந்து எடுக்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அதே நகரில், தீவுத்திடல் அருகே குதிரை மீது அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவின் சிலை 1839 முதல் இன்று வரை நிற்கிறது. மன்றோவும் ஆங்கிலேயர், கம்பெனி ஆட்சியின் ஆளுநர். ரயத்துவாரி முறையை அவர் வகுத்த விதம் குறித்து வரலாற்றாய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆயினும் நீல் சிலைக்கு எதிராக எழுந்ததைப் போன்ற மக்கள் இயக்கம் அவர் சிலைக்கு எதிராக எழவில்லை.

இருவரும் ஆங்கிலேயர் என்பதால் இரு சிலைகளும் போக வேண்டும் என்று சென்னை முடிவு செய்யவில்லை. இரண்டும் பழமையானவை என்பதால் இரண்டும் நிற்க வேண்டும் என்றும் கருதவில்லை. நீல் சிலை எந்தச் செயலுக்காக எழுப்பப்பட்டதோ, அந்தச் செயலே இந்நாட்டு மக்களுக்கு எதிராகச் செய்யப்பட்டது. உல்சூரையும் மவுண்ட் சாலையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முதல் அளவுகோல் இதுதான்: சிலைக்குரியவர் எந்த இனம், எந்த மொழி என்பதைக் கேட்பதற்கு முன், அவருடைய எந்தச் செயலை அந்தச் சிலை போற்றுகிறது என்பதைக் கேட்க வேண்டும்.

நீதிமன்ற வளாகத்தில் மனு

இரண்டாவது அளவுகோல் சிலை நிற்கும் இடம். ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற வளாகத்தில் 1989 ஆம் ஆண்டு மனுவின் சிலை நிறுவப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டில் நீதிபதிகள் கூடி அதை அகற்ற முடிவெடுத்தனர். அந்த முடிவுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டு, தடை பெறப்பட்டது. பல பத்தாண்டுகள் இழுத்தடிக்கப்பட்ட அந்த வழக்கின் நிழலிலேயே சிலை நின்று வந்தது. 2018 அக்டோபரில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த இரு பெண்கள் அதன் மீது கறுப்பு வண்ணம் பூசிக் கைதாயினர்.

மனுஸ்மிருதி ஒரு வரலாற்று நூல்; அதைப் படிக்கலாம், ஆராயலாம், அருங்காட்சியகத்திலும் வைக்கலாம். ஆனால் பிறப்பின் அடிப்படையில் தண்டனையையும் உரிமையையும் பிரித்த ஒரு நூலின் பெயரால் அறியப்படுபவர், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று சொல்லும் ஒரு மன்றத்தின் முற்றத்தில் நிற்கும்போது, நீதி கேட்டு உள்ளே வரும் தலித் ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் அந்த இடம் என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

தங்கவயலுக்கு இந்தக் கேள்வி புதியதன்று. வட ஆர்க்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய மறைவுக்குப் பின், 'தமிழன்' இதழ் பின்னாளில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 1954 இல் அம்பேத்கர் இங்கு வந்து சென்றார்.

அந்த அம்பேத்கரின் சிலைகள், தமிழ்நாட்டின் பல ஊர்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. சேதப்படுத்துவோரிடமிருந்து காக்கவே கூண்டு என்று அதிகாரிகள் விளக்கம் அளிக்கின்றனர். உணர்வு புண்படுவதுதான் அளவுகோல் என்றால், அம்பேத்கர் சிலையும் சிலரது பார்வையில் 'சர்ச்சைக்குரியது' ஆகிவிடும். எனவே அந்தச் சொல்லைச் செய்தியில் படிக்கும்போதெல்லாம், சர்ச்சையை எழுப்புவது யார், எதன் பொருட்டு என்றும் சேர்த்துப் படிப்பது நல்லது.

இரவில் எடுக்கப்படும் முடிவுகள்

மூன்றாவது அளவுகோல், முடிவு எடுக்கப்படும் முறை. சென்னை மெரினா கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட கண்ணகி சிலை, 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. லாரி மோதியதில் பீடம் சேதமடைந்தது, போக்குவரத்துக்கு இடையூறு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆட்சி மாறியதும், 2006 ஜூனில் சிலை மீண்டும் அதே கடற்கரைக்கு வந்தது. காரணத்தை வெளிப்படையாகப் பேசாமல் எடுத்த முடிவு ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை.

பெங்களூரு உயர் நீதிமன்றக் கட்டடத்தின் எதிரே நின்ற மார்க் கப்பனின் குதிரைச் சிலை, 2020 ஜூனில் கப்பன் பூங்காவுக்குள் மாற்றப்பட்டது. ஒரு காலனி ஆட்சியாளரின் சிலை பூங்காவுக்குள் செல்வதைப் பலரும் ஏற்கக்கூடும். ஆனால் அது முன்கூட்டிக் கலந்தாலோசிக்காமல் நடந்தது என்று பாரம்பரிய ஆர்வலர்கள் குறைகூறினர். 2024 இல் நாடாளுமன்ற வளாகத்திலிருந்த காந்தி, அம்பேத்கர் உள்ளிட்டோரின் சிலைகள் ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டபோதும் இதே குறையை எதிர்க்கட்சிகள் எழுப்பின. அரசுத் தரப்பு அதை 'இடமாற்றம்' என்றது; எதிர்க்கட்சிகள் 'அகற்றம்' என்றன. கலந்துபேசாமல் செய்யப்படும் எந்தச் செயலுக்கும் இப்படி இரண்டு பெயர்கள் அமைந்துவிடுகின்றன.

அரசு இரவில் அகற்றுவதற்கும், கூட்டம் பகலில் உடைப்பதற்கும் உள்ள தூரம் அதிகமில்லை. 2018 மார்ச்சில் திரிபுராவின் பெலோனியாவில் லெனின் சிலை புல்டோசரால் சாய்க்கப்பட்டது. அடுத்த நாளே திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலை 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்களால் பெயர்த்துத் துறைமுகத்தில் வீசப்பட்டது. அதை அகற்ற வேண்டும், குறைந்தபட்சம் விளக்கப் பலகையாவது வைக்க வேண்டும் என்ற கோரிக்கைகள் பல ஆண்டுகளாகத் தீர்வின்றி நீண்டதன் முடிவு அது. நீரிலிருந்து மீட்கப்பட்ட சிலை, பூசப்பட்ட வண்ணத்துடனேயே, படுத்த நிலையில் அந்நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பொதுச் சாலைகள், நடைபாதைகள் ஆகியவற்றில் புதிதாகச் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மெரினா காமராஜர் சாலையில் நின்ற நடிகர் சிவாஜி கணேசனின் சிலை, போக்குவரத்துக் காரணத்தால் 2017 ஆகஸ்ட் மாதம் அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றப்பட்டது.

இவை தேவையான விதிகளே. ஆனால் அவை பேசுவது சாலையின் அகலத்தைப் பற்றி. சிலையின் தகுதியைப் பற்றி அல்ல. அதனால்தான், பேசத் தயங்கும் அரசுகளுக்குப் போக்குவரத்து என்பது வசதியான காரணமாகிவிடுகிறது. மனு சிலையோ எந்த வாகனத்துக்கும் இடையூறாக நிற்கவில்லை.

சிலையை அகற்றுவது வரலாற்றை அழிப்பதாகும், இன்று ஒன்றை அகற்றினால் நாளை எதுவும் மிஞ்சாது என்ற வாதத்தில் நியாயமான அச்சம் இருக்கிறது. சிறுபான்மையினரே அந்த அச்சத்தை மற்றவர்களைவிட நன்கு உணர்வார்கள். ஆனால் நீல் சிலை அகற்றப்பட்டதால் 1857 இன் வரலாறு மறையவில்லை. மாறாக, அந்தச் சிலைக்கு எதிரான சத்தியாகிரகமும் வரலாற்றில் சேர்ந்தது. பீடத்தில் ஏற்றுவது மரியாதை. அருங்காட்சியகத்தில் வைப்பது பதிவு. முதலாவதை விலக்கிக்கொண்டு இரண்டாவதைக் காக்க முடியும்.

தங்கவயல் முன் நிற்கும் கேள்வி

தங்கவயலின் வரைபடத்தில் ஆங்கிலேயப் பெயர்கள் இன்றும் நிறைந்துள்ளன. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் ஆகியவற்றை மக்கள் தம் ஊர்ப் பெயர்களாகவே ஏற்றுக்கொண்டுவிட்டனர். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய இச்சுரங்கங்களில், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறை வெடிப்பாலும் சிலிகோசிஸ் நோயாலும் உயிரிழந்த தொழிலாளர்களின் பெயர்கள் அந்த வரைபடத்தில் இல்லை. கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து 1930 இல் வேலைநிறுத்தம் செய்தவர்களின் நினைவாகவும் அதில் ஒரு பெயர் இல்லை.

அவர்கள் வெட்டியெடுத்த பாறையின் மிச்சமே, ஊரைச் சுற்றி மலை போல் நிற்கும் சயனைட் மண்மேடுகள். சுமார் 1,000 ஏக்கரில் பரவியுள்ள 13 மேடுகளில் மீண்டும் கனிமம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. வேலைவாய்ப்பு வேண்டும் என்று காத்திருக்கும் ஊருக்கு அது நம்பிக்கை தரும் செய்தி. காற்றில் பறக்கும் மேட்டு மண்ணைப் பல ஆண்டுகளாகச் சுவாசித்துவரும் குடியிருப்புகளுக்கு, அம்மேடுகள் கரைவது நிம்மதியாகவும் அமையலாம்.

ஆனால் அந்த மேடுகளும் சுரங்க வாயில்களில் நிற்கும் இரும்புக் கோபுரங்களுமே, சிலை வைக்கப்படாத தொழிலாளர்களுக்கு எஞ்சியிருக்கும் நினைவுச் சின்னங்கள். எதை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும், விட்டுவைப்பதன் அருகில் யாருடைய பெயர்களை எழுத வேண்டும் என்பதைப் பணி தொடங்கும் முன்பே முடிவு செய்யலாம். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் குடியிருப்பு மக்களை அழைத்து, தமிழிலும் கன்னடத்திலும், பகல் வெளிச்சத்தில் அதைப் பேச அரசுக்கு இப்போது அவகாசம் இருக்கிறது. உல்சூரில் அந்தப் பேச்சு தொடங்க 18 ஆண்டுகள் ஆயின. இயந்திரங்கள் இங்கு வந்துவிட்டால் அவ்வளவு காலம் கிடைக்காது.