காட்டுக்கும் வேலியா?

இங்கிலாந்தில் காட்டைத் துண்டு போட்டு விற்கிறார்கள். பணமுள்ளவர் சில ஏக்கர் வாங்கி, விடுமுறை நாளில் போய் இளைப்பாறி வருகிறார். பறவைக்கும் முயலுக்கும் இடம் விடுகிறார். அதை நாம் குறை சொல்லவில்லை. மரத்தை வெட்டிக் காசாக்குகிறவனைவிட அவர் எவ்வளவோ மேல். ஆனால் கூலிக்காரன் காற்று வாங்க எங்கே போவான்?

1932 ஏப்ரலில், பஞ்சாலை நகரமான மான்செஸ்டரின் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் திரண்டு, பிரபுக்கள் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் ஏறினார்கள். ஐந்து இளைஞருக்குச் சிறை! அந்தப் போராட்டம் ஓயவில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலையிலும் தரிசு மேட்டிலும் நடக்கும் உரிமையைத் தந்தது. தனியார் காடுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. பக்கத்து ஸ்காட்லாந்திலோ 2003 சட்டப்படி காட்டுக்குள்ளும் எவரும் நடக்கலாம். அதனால் அங்கே காடு அழிந்துவிடவில்லை.

அதே சட்டம் இங்கிலாந்துக்கும் வேண்டும் என்கிறோம். மரம் வாங்கியவருடையதாகவே இருக்கட்டும். ஒற்றையடிப் பாதையைத் திறந்துவிடட்டும்.