தவளை மீது பழி போடாதீர்கள்

தோட்டக் குளத்து மீனுக்கு ஒட்டுண்ணி வந்தால், தவளைகளை விரட்டிவிட்டு, குளம் முழுக்க உப்பும் பூச்சிமருந்தும் கொட்டச் சொல்கிறார் நண்பர். இரண்டுமே தவறு.

மீனின் செதிலோரம் சிவந்து வீங்கி, நடுவில் வெள்ளை நூல்போல ஒன்று தொங்குகிறதே, அது நங்கூரப்புழு. பெயரில்தான் புழு, உண்மையில் இறால், நண்டு இனத்துக்கு உறவு. பெண்ணின் வால் நுனியில் இரண்டு முட்டைப் பைகள் பிரிந்து தொங்குவதை உற்றுப் பார்த்தால் காணலாம். இது பெரும்பாலும் நம் வீட்டுக் குளத்துக்கு வருவது கடையிலிருந்து வாங்கி, அப்படியே பையோடு கவிழ்த்த புது மீன் வழியாக. தலைப்பிரட்டைகளையும் இது பற்றும். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்?

மருந்து விஷயம் இன்னும் மோசம். தவளை தோலால் நீரை உறிஞ்சுகிறது, தோலாலும் சுவாசிக்கிறது. மீன் தாங்கும் உப்பைத் தலைப்பிரட்டை தாங்காமல் போகலாம். பூச்சிமருந்தோ தட்டான் குஞ்சு வரை கொல்லும். இவ்வளவு செய்தும், சதைக்குள் தலை புதைத்த பெண் புழு பல மருந்துகளுக்குத் தப்பும். முட்டைகள் பொரிந்து அடுத்த தலைமுறை கிளம்பும். பிறகு மறுபடி மருந்தா?

நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். ஈரத்துணியில் பிடித்து, இடுக்கியால் புழுவை அடியோடு எடுங்கள். மருந்து வேண்டுமென்றால் அந்தத் தொட்டியிலேயே கொடுங்கள். புது மீனை மூன்று, நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே குளத்தில் விடுங்கள். தவளைகளை விட்டுவிடுங்கள்.